சிங்கப்பூரில் எட்டு நாள் அடுப்படி: சாப்பாட்டுச் செலவைக் கட்டுக்குள் வைத்த அனுபவம்

திருச்சியிலிருந்து துணிகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுபோன மூன்று லிட்டர் அலுமினியக் குக்கரை, சிங்கப்பூரில் நாங்கள் தங்கிய சேவை அடுக்குமாடி வீட்டின் (சமையலறையோடு பயணிகளுக்கு வாடகைக்கு விடும் சர்வீஸ் அபார்ட்மென்ட்) அடுப்பு ஏற்கவே இல்லை. கறுப்புக் கண்ணாடி பதித்த மின்தூண்டல் (இண்டக்‌ஷன்) அடுப்பு அது. குக்கரை வைத்ததும் இரண்டு முறை ஒலி எழுப்பிவிட்டுத் தானாகவே அணைந்துவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பதால் மாத்திரை போட்ட அரை மணி நேரத்துக்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும். மணி அப்போது இரவு எட்டரை. ஊரில் ஒரு மாதமாகப் போட்டு வைத்திருந்த சமையல் திட்டம் முழுவதும் அந்த ஒரு பாத்திரத்தை நம்பியே இருந்தது. ஆகவே அங்கிருந்துதான் நான் எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது.

நாங்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி, அம்மா, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். எட்டு இரவுகள் தங்கினோம். மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் ஒரு நாளைக்கு 110 வெள்ளி ஆகும் என்று போவதற்கு முன்பே கணக்குப் போட்டிருந்தேன். வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். அங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நாங்கள் மாற்றியபோது ஒரு வெள்ளிக்கு 66 ரூபாய் விழுந்தது. அந்தக் கணக்கில் எட்டு நாள் சாப்பாட்டுக்கு மட்டும் 58,000 ரூபாய்க்கு மேல் ஆகும். அடுப்பு வைத்த தங்குமிடத்தைத் தேடியதற்குக் காரணம் இதுதான்.

தேடும்போதே ஒரு தவறு செய்ய இருந்தேன். லிட்டில் இந்தியா பகுதியில் உள்ள தேக்காவுக்குப் பக்கத்தில் முழு வீடு ஒன்று குறைந்த வாடகைக்குக் கிடைப்பதாக ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் பெரியப்பா மகனின் மனைவியிடம் தொலைபேசியில் சொன்னேன். "தம்பி, இங்க தனியார் வீட்ட மூணு மாசத்துக்குக் கொறைச்சலா வாடகைக்கு விடக் கூடாது. வீவக வீடுன்னா ஆறு மாசம். மலிவா இருக்கேன்னு முன்பணம் அனுப்பிடாதீங்க" என்று அண்ணி உடனே தடுத்துவிட்டார். வீவக என்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது அங்குள்ள அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் அமைப்பு. சுற்றுலாப் பயணிகள் சமைத்துச் சாப்பிடச் சட்டப்படி உள்ள நேரான வழிகளில் ஒன்று சேவை அடுக்குமாடி வீடு. அதற்கும் குறைந்தது ஏழு நாள் தங்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. நான்கு நாள் பயணத்துக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. ஒரு வாரமோ அதற்கு மேலோ தங்கும் குடும்பங்களுக்குத்தான் இது பயன்படும்.

இனி ஊரில் செய்த முன்னேற்பாடு. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, சாம்பார் பொடி, ரசப் பொடி, வறுத்த ரவை ஆகிய ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். அரிசியும் பருப்பும் கொண்டுபோகலாம் என்று அம்மா சொன்னார். ஆனால் விமானத்தில் எங்களுக்குக் கிடைத்த எடை அனுமதி குறைவு. கூடுதல் கிலோவுக்குக் கட்ட வேண்டிய தொகையோ அங்கே அரிசி வாங்கும் விலையைவிட அதிகம். எடை குறைவாகவும் ருசி அதிகமாகவும் உள்ளவற்றை மட்டுமே சுமப்பது என்று முடிவு செய்தோம். இந்த முடிவு கடைசிவரை சரியாகவே இருந்தது. புளிக்காய்ச்சலுக்குக் கால் கிலோ பழைய புளியைக் கெட்டியாகக் கரைத்து, 150 மில்லி நல்லெண்ணெயில் தாளித்து, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை காய்ச்சினோம். முழுவதும் ஆறிய பிறகே ஈரமில்லாத பாட்டிலில் அடைத்தோம். சூட்டோடு மூடினால் மூடியின் உள்பக்கம் வேர்த்து, அந்த நீர் சொட்டிப் பூசணம் பிடித்துவிடும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் குழம்பான எதையும் விட மாட்டார்கள் என்பதால் பாட்டிலை இரட்டைப் பையில் கட்டிப் பெரிய பெட்டியில் வைத்தோம்.

குருமாப் பொடியையும் அம்மா அரைத்து வைத்திருந்தார். அதில் கசகசா சேர்ந்திருந்ததால் அதை எடுத்துச் செல்லவில்லை. கசகசாவில் மார்ஃபின் இருக்கக்கூடும் என்பதால் சிங்கப்பூரில் அது போதைப்பொருள் கட்டுப்பாட்டுக்குள் வரும் பொருள். நம் வீட்டில் அன்றாடம் புழங்கும் ஒன்று என்பதாலேயே இதைப் பலர் யோசிப்பதில்லை. தயவுசெய்து இதில் கவனமாக இருங்கள். இறைச்சி, முட்டை போன்றவற்றுக்கும் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு கொண்டுவரலாம் என்ற கட்டுப்பாடுகள் இருக்கின்றன. நாங்கள் கருவாட்டைக்கூட எடுக்கவில்லை.

குக்கர் கைவிட்ட அந்த முதல் இரவில், கீழே இருந்த சிறு கடைக்கு ஓடிப் பாலும் ரொட்டியும் முட்டையும் வாழைப்பழமும் வாங்கி வந்தேன். 24 வெள்ளி 30 காசு ஆனது. பசியோடும் அவசரத்தோடும், கைக்கு எட்டிய கடையில் வாங்கும்போதுதான் பணம் வீணாகிறது என்பதை அன்றே புரிந்துகொண்டேன். ஏனென்றால் மறுநாள் பேரங்காடியில் அதே பொருள்களின் விலை கணிசமாகக் குறைவாக இருந்தது. வறுத்த ரவை பெட்டிக்குள்ளேயேதான் இருந்தது. அந்த வீட்டு வாணலியிலேயே உப்புமா கிண்டியிருக்கலாம். பதற்றத்தில் தோன்றவில்லை. பெட்டியைத் திறந்ததும் கைக்கு வரும்படி, ரவை, உப்பு, தாளிக்கும் பொருள்கள், ஒரு சிறு எண்ணெய்ப் புட்டி எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி "முதல் இரவு" என்று எழுதி வைத்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு அடுப்பை ஆராய்ந்தேன். இந்த வகை அடுப்பில் நெருப்பும் இல்லை, சூடாகும் கம்பியும் இல்லை. கண்ணாடிக்கு அடியில் உள்ள செப்புச் சுருள் மாறும் காந்தப் புலத்தை உண்டாக்க, அது பாத்திரத்தின் அடிப்பகுதியில் மின்னோட்டத்தைத் தூண்டி, பாத்திரத்தையே சூடாக்குகிறது. காந்தம் ஒட்டும் அடிப்பகுதி இருந்தால்தான் இது நடக்கும். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சிறு காந்தத்தை எடுத்து, கையில் இருந்த ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பார்த்தேன். வீட்டோடு வந்த வாணலியிலும் நடுத்தரக் குண்டானிலும் 'டக்' என்று ஒட்டியது. நாங்கள் கொண்டுபோன எவர்சில்வர்ப் போசியில் ஒட்டவே இல்லை. எவர்சில்வர் எல்லாம் காந்தத்துக்குப் பிடிக்கும் என்று நினைப்பது தவறு; நம் வீடுகளில் உள்ள நல்ல துருப்பிடிக்காத எஃகில் நிக்கல் சேர்ந்திருப்பதால் பெரும்பாலும் அதில் காந்தம் ஒட்டாது. ஊரிலேயே இந்தச் சோதனையைச் செய்திருந்தால் குக்கரின் எடைக்குப் பதிலாக இன்னொரு பாட்டில் தொக்கு கொண்டுபோயிருக்கலாம்.

மறுநாள் காலை அண்ணி தன் பழைய சோறாக்கும் மின்பானையைக் கொண்டுவந்து கொடுத்தார். சிங்கப்பூரில் அது இல்லாத வீட்டைப் பார்ப்பது அரிது. அந்த ஊரின் மூன்று தட்டைக் கம்பிச் செருகி அதில் ஏற்கெனவே இருந்ததால் மாற்றுச் செருகியும் தேவைப்படவில்லை. கைபேசி மின்னேற்றிகளுக்கு மட்டும் இரண்டு மாற்றுச் செருகிகளை ஊரிலிருந்தே எடுத்துப் போயிருந்தோம்.

அந்தப் பானையை வைத்து எங்கள் சமையலை எப்படி மாற்றிக்கொண்டோம் என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். துவரம்பருப்பு அழுத்தமில்லாமல் எளிதில் குழையாது என்பதால் அதை விட்டுவிட்டுப் பாசிப்பருப்புக்கு மாறினோம். ஐந்து பேருக்கு அரை கிலோ அரிசியைக் களைந்து பானையில் போட்டு, தண்ணீர் அளந்து ஊற்றி, மேலே உள்ள ஆவித் தட்டில் ஒரு சிறு எவர்சில்வர்க் கிண்ணத்தை வைத்தோம். அரை மணி நேரம் வெந்நீரில் ஊறிய பாசிப்பருப்பும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் இரண்டு சொட்டு எண்ணெயும் அதில் இருக்கும். சோறு வெந்து பொத்தான் மேலே எழும்போது பருப்பு முக்கால் பதமாகியிருக்கும். பொத்தான் எழுந்த பிறகும் பத்து நிமிடம் மூடியைத் திறக்காமல் விட்டால் அந்த ஆவியிலேயே முழுவதும் வெந்துவிடும். அதைக் குண்டானில் கொட்டி, தக்காளியும் காயும் சாம்பார் பொடியும் சேர்த்து ஒரு கொதி விட்டால் சாம்பார் தயார். காலையில் அதே ஆவித் தட்டில் நான்கைந்து சிறு கிண்ணங்களை அடுக்கி எண்ணெய் தடவி மாவு ஊற்றினால் கிண்ண இட்லி. ஒரு ஈட்டுக்குப் பதினைந்து நிமிடம். அம்மாவுக்கு முதல் ஈடு.

தோசைக்கு வாணலியே போதும் என்றாலும் இந்த அடுப்பின் சூடு நடுவில் குவிந்துவிடுகிறது. முதல் தோசை நடுவில் கருகி ஓரத்தில் வெளுத்துப் போனது. ஒன்பது நிலைகளில் ஐந்தில் வைத்து, இரண்டு நிமிடம் பொறுத்து, பாதி வெங்காயத்தால் ஒரு முறை துடைத்துவிட்டு மாவை ஊற்றினால் ஓரம் வரை சீராகச் சிவந்து வந்தது. ஒட்டாத பூச்சு கொண்ட வாணலி அது. உலோகக் கரண்டியால் தேய்த்தால் பூச்சு உரிந்து அதற்கும் பணம் கட்ட நேரிடும் என்பதால் மரக் கரண்டி வாங்கிக்கொண்டோம்.

காலையில் தேக்கா நிலையத்துக்கு நடந்தே போனோம். தரைத் தளத்தில் ஒரு பக்கம் காய், மீன், இறைச்சி விற்கும் ஈரச்சந்தை, இன்னொரு பக்கம் பல சிறு சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் உணவங்காடி. ஈரச்சந்தை காலை நேரத்துக்கு உரியது. நண்பகலுக்குள் பல கடைக்காரர்கள் தரையைக் கழுவத் தொடங்கிவிடுகிறார்கள். திங்கட்கிழமைகளில் மீன் கடைகள் பல திறப்பதில்லை. சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே தருவிக்கிறது. ஆகவே அங்கே ஒரு காயின் விலையைப் பார்க்கும்போது அது எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து வானூர்தியில் வந்த முருங்கைக்காயின் விலையைக் கேட்டு என் மனைவி கையை எடுத்துவிட்டார். அதைக் கவனித்த காய்கறிக் கடை அம்மா, "ஏம்மா, ஊரு காயி ஊருலயே தின்னுக்கலாம்ல? இந்தா பாயாம், நம்ம தண்டுக்கீரைதான், இன்னிக்குக் காலைல எறங்குனது" என்று ஒரு கட்டை எடுத்து நீட்டினார். மலாய் மொழியில் பாயாம் என்று சொல்லப்படும் அந்தக் கீரை ஒரு வெள்ளி 20 காசு. கடைந்தால் நம் ஊர்க் கீரைக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. கங்கோங் என்ற கீரையும் மலிவு. அண்ணி சொன்னபடி, கெட்டியான சோயாக் கட்டியான தவ்குவாவைத் துண்டு போட்டு மிளகுப்பொடி தூவி வறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்; பனீரைவிட மிகக் குறைந்த விலையில் அதே நிறைவு கிடைத்தது. துருவிய தேங்காயும் பொட்டலமாகக் கிடைத்தது. துருவல் கருவி இல்லாத சமையலறையில் அது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லி முடியாது. பொன்னி அரிசி ஐந்து கிலோ 12 வெள்ளி 90 காசு, அரைத்த இட்லி மாவு ஒரு கிலோ மூன்று வெள்ளி.

எங்கள் வீட்டுப் பழக்கமான மஞ்சள் பையும் அங்கே கைகொடுத்தது. 2023 ஜூலை முதல் பெரிய பேரங்காடிகளில் ஒவ்வொரு பைக்கும் குறைந்தது ஐந்து காசு வாங்குகிறார்கள். தொகை சிறியதுதான், ஆனால் துணிப்பையில் ஐந்து கிலோ அரிசியைத் தோளில் மாட்டி நடப்பது எளிதாக இருந்தது.

தயிருக்குத்தான் கொஞ்சம் போராட வேண்டியிருந்தது. வெளியே உறை ஊற்றினால் நான்கைந்து மணி நேரத்தில் தோய்ந்துவிடும் வெப்பம். ஆனால் வீட்டுக்குள் குளிரூட்டி ஓடுவதால் முதல் இரவு வைத்த பால் காலையில் பாலாகவே இருந்தது. இரண்டாம் இரவு, கடையில் வாங்கிய இனிப்பில்லாத தயிரில் ஒரு கரண்டியை வெதுவெதுப்பான பாலில் கலந்து, நுண்ணலை அடுப்பை இயக்காமல் அதை ஒரு காற்றுப் புகாத பெட்டியாகப் பயன்படுத்தி, பக்கத்தில் ஒரு குவளை கொதிநீரோடு உள்ளே வைத்து மூடினேன். பாத்திரம் எவர்சில்வர் என்பதால் யாரும் தெரியாமல் பொத்தானை அழுத்திவிடக் கூடாது என்று கதவின் மேல் ஒரு தாள் ஒட்டினேன். காலை ஆறு மணிக்குக் கத்தியால் வெட்டலாம் போன்ற தயிர்.

அந்தத் தயிரை நம்பித்தான் நான்கு நாள் மதியச் சாப்பாடு அமைந்தது. கட்டுச்சோறு மதியம் வரை கெடாமல் இருக்க வேண்டும் என்பதால் தயிர்சாதத்தில் தயிரைக் குறைத்துக் காய்ச்சி ஆறிய பாலைக் கூடுதலாக ஊற்றிப் பிசைந்தோம். காலை ஏழு மணிக்குப் பால்சாதம் போலத்தான் இருக்கும். பன்னிரண்டரைக்குத் திறக்கும்போது அது சரியான பதத்தில் தோய்ந்திருக்கும். புளியோதரைக்குச் சோற்றைத் தட்டில் பரப்பி முழுக்க ஆற வைத்தே கலந்தோம். தாவரவியல் பூங்காவின் புல்வெளியிலும் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்காவின் மர நிழலிலும் உட்கார்ந்து சாப்பிட்டோம். இரண்டிலும் நுழைவுக் கட்டணம் இல்லை. பெருவிரைவு ரயிலில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, மீறினால் 500 வெள்ளி வரை அபராதம். அதனால் அம்மாவின் மாத்திரை நேரத்தை ரயில் பயணத்தோடு பொருத்தியே ஒவ்வொரு நாளும் கிளம்பினோம். இந்த ஒன்றில் மட்டும் நான் ஒரு நாளும் அசட்டையாக இருக்கவில்லை.

தண்ணீருக்காக ஒரு காசும் செலவழிக்கவில்லை. அங்கே குழாய் நீரையே அப்படியே குடிக்கலாம். முதல் நாள் அம்மாவின் மனநிறைவுக்காகக் கொதிக்க வைத்தோம். அதன் பிறகு ஐந்து புட்டிகளையும் குழாயிலேயே நிரப்பினோம்.

மீதி நான்கு மதியமும் உணவங்காடி நிலையங்களில் சாப்பிட்டோம். எல்லா வேளையும் சமைத்தே தீருவது என்று பிடிவாதம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த உணவங்காடிப் பண்பாட்டை 2020 இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சிங்கப்பூருக்குப் போய் அதைச் சுவைக்காமல் திரும்பினால் பயணத்தில் பாதியை இழந்த மாதிரிதான். பிள்ளைகளுக்குக் கோழிச் சோறு, எங்களுக்குத் தோசையும் புரோட்டாவும், அம்மாவுக்குச் சீனச் சைவக் கடையின் பீஹூன் என்ற அரிசிச் சேமியா. அந்தக் கடையில் இறைச்சித் துண்டு போலவே தோன்றிய ஒன்றைப் பார்த்து அம்மா தயங்கினார். கடைக்காரப் பெண்மணி புரிந்துகொண்டு, அதை இரண்டாகப் பிய்த்து உள்ளே இருந்த சோயா நாரைக் காட்டிய பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டார். ஐந்து பேருக்கு ஒரு வேளைக்கு 29 முதல் 34 வெள்ளிக்குள் முடிந்தது. பலகையில் எழுதிய விலைதான் கொடுக்க வேண்டிய விலை. சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துக்கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் அது கட்டாயம்.

குளிரூட்டிய உணவகத்தின் கணக்கு வேறு. மனைவியின் பிறந்தநாளுக்காக ஒரு மாலை அப்படி ஓர் இடத்துக்குப் போனோம். பட்டியலில் இருந்த விலைகளைக் கூட்டினால் 78 வெள்ளி. விலைகளுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகையின் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் வரும் என்று பொருள். ரசீது 93 வெள்ளி 52 காசுக்கு வந்தது. அது மகிழ்ச்சியான மாலை, அந்தச் செலவில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கூட்டல் குறிகளின் பொருளைத் தெரிந்துகொண்டு போனதால்தான் அந்த வருத்தமின்மை சாத்தியமானது.

எட்டு நாளைக்கும் மளிகை, காய், பால் எல்லாமாக 138 வெள்ளி 60 காசு. முதல் இரவின் 24 வெள்ளியும் இதில் அடக்கம். நான்கு மதியம் 128, ஓர் இரவு உணவங்காடியில் 34, உணவகம் 93.52, வெளியே குடித்த தேநீர், கோப்பி, ஐஸ்கிரீம் 38. மொத்தம் 432 வெள்ளி 12 காசு. நாளொன்றுக்கு 54 வெள்ளி, அதாவது முதலில் போட்ட கணக்கில் பாதிக்கும் குறைவு. ஒரே ஒரு உணவக இரவுக்கு ஆன பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு மளிகைச் செலவு அடங்கியிருக்கும் என்பதை நோட்டில் எழுதும்போதுதான் கவனித்தேன்.

உழைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காலையில் ஒன்றேகால் மணி நேரம், இரவில் முக்கால் மணி நேரம் அடுப்படியில் போனது. விடுமுறையிலும் என் மனைவி மட்டுமே அடுப்படியில் நிற்பதாக ஆகிவிடக் கூடாது என்று கிளம்பும் முன்பே பேசி வைத்திருந்தோம். காலை வேலை என்னுடையது, இரவுச் சமையல் இருவருடையது, பாத்திரம் பிள்ளைகளுடையது. மகன் கழுவிய கிண்ணங்களில் சிலவற்றை நான் மறுபடி கழுவினேன். அதை அவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

கிளம்பும் நாள் காலையில் மீதி மாவில் தோசை வார்த்து, கடைசிப் புளிக்காய்ச்சலில் விமான நிலையத்துக்குச் சோறு கட்டினோம். ஒரு கிலோ அளவுக்கு மிஞ்சிய பொன்னி அரிசியையும் பாதிப் புட்டி எண்ணெயையும், தேய்த்துக் காய வைத்த மின்பானையையும் அண்ணி வந்து எடுத்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பியதும் மனைவி எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்து, பயணப் பெட்டியின் உள்பையில் போட்டு வைத்தார்.